ஸ்னோஃபாக்ஸ் மூடிய புகார்

அத்தியாயம் 5

ராக்கப்பன் நீட்டிய காகிதத்தில் ஒரு குற்றவாளி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தாள். அதுவும் இங்கிலீஷில் ஒப்புக்கொண்டிருந்தாள். அதனால் ராக்கப்பனுக்கு அதன்மேல் இரட்டிப்பு நம்பிக்கை.

"முதல் வரியைப் படிங்கம்மா, போதும். கீழ உள்ளதெல்லாம் வளவளப் பேச்சு. என் மருமகன் படிச்சுட்டான்."

"முழுசாவா?"

"முதல் வரியை முழுசாப் படிச்சான்."

துப்பறியும் இந்து காகிதத்தை வாங்கினாள். குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஹோம்ஸ்டேயின் மாடியில் அவளுடைய ஆபீஸ். ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவன் உதவியாளன் மாரீஸ்வரன். ஜீப் ஓட்டுவது அவன் தொழில். பேசுவது சேவை.

முதல் வரி இதுதான்: 'ஐயா, தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும்.' அடியில் சிவசங்கரி, வண்டிப்பெரியார் என்று பெயர்.

"பாத்தீங்களா," என்றார் ராக்கப்பன். "அவளே எழுதினது. ஊரறிய இன்டர்நெட்டுல போட்டு வச்சிருக்கா."

சக்குபள்ளத்தில் ராக்கப்பனுக்கு ஏலத்தோட்டமும், பறித்த காயை உலர்த்துகிற ஸ்டோரும் இருந்தன. ஸ்டோரில் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பெட்டி. செய்து கொடுத்தவள் சிவசங்கரி. தொடர்ந்து மூன்று லோடு காயை அந்தப் பெட்டி வறுத்துத் தள்ளிவிட்டது. பச்சையாக இறங்க வேண்டிய ஏலக்காய் பீடித்தூள் நிறத்தில் இறங்கியது. நாலாவது லோடு காலையில் பறித்தது, ஸ்டோர் வாசலில் ஈரத்தோடு குவிந்து கிடந்தது. விறகு அடுப்பு இருந்திருந்தால் பழையபடி உலர்த்தியிருக்கலாம். அதைப் போன வருஷம்தான் ராக்கப்பன் ஆள் வைத்து, பெருமையாக இடித்திருந்தார்.

"கம்பத்துலேர்ந்து மெக்கானிக் வர்றான். பெட்டியை அவன் பாத்துக்குவான். நீங்க அவளைப் பாருங்க. யார்கிட்டயோ கைநீட்டிக் காசு வாங்கிக்கிட்டு வேணும்னே கெடுத்திருக்கா. சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்ல பராதி கொடுக்கணும். அதுக்குள்ள உங்க ரிப்போர்ட் வந்துட்டா நல்லாருக்கும்."

"அவ பெட்டி வேற எங்கேயும் ஓடுதா?"

"பதினோரு ஸ்டோர்ல ஓடுது. அங்கெல்லாம் ஒரு கோளாறும் இல்ல. என் ஸ்டோர்ல மட்டும்தான். இதுலேர்ந்தே தெரியலையா? அத்தனை பேருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன், அவ பெட்டியைக் கழட்டி வீசுங்கன்னு."

"நல்லா ஓடுற பெட்டியையா?" என்றான் மாரி.

ராக்கப்பன் அவனைக் கவனிக்கவில்லை. மாரியைக் கவனிக்காமல் இருப்பது ஒரு பழக்கம். சிலருக்கு உடனே வந்துவிடும்.

"அந்தப் பதினோரு பெட்டிக்கும் உங்க பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள் இந்து.

ராக்கப்பனின் முகம் மலர்ந்தது. "என்னோடது ஒசத்தி. சூடு ஏறி இறங்குறது செல்போன்ல கோடு கோடா தெரியும். வேற எவன்கிட்டயும் கிடையாது. நானா கேட்டு வாங்கினது. முடியாதுன்னுதான் சொன்னா. விடுவேனா?"

ஜீப்பில் ஏறியதும் மாரி சொன்னான், "அக்கா, கேஸ் முடிஞ்சுது. குத்தவாளி செல்போன் கோடு. கைது பண்ணிரலாமா?"

"வண்டிப்பெரியாருக்கு விடு."

* * *

வண்டிப்பெரியாரில் பாலம் தாண்டி, ஒரு பேக்கரிக்கும் ஒரு புடவைக் கடைக்கும் நடுவில், இரண்டுக்கும் வேண்டாமல் மிஞ்சிய இடத்தில் இருந்தது சிவசங்கரியின் கடை. வாசலில் நான்கு பெட்டிகள் கிடந்தன. ராக்கப்பனின் போனுக்கு மரியாதை கொடுத்து நான்கு ஸ்டோர்க்காரர்கள் காலையிலேயே கழற்றி அனுப்பியவை. நான்கிலும் ஒரு குறையும் இல்லை.

சிவசங்கரிக்கு முப்பது வயதிருக்கும். சாலிடரிங் வேலைக்கு நடுவே நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் அம்மா சின்னத்தாய், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி மகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தவள், வந்தவர்களுக்கு உடனே டீ கொண்டுவந்தாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீக. டீ ஆறிப்போயிருந்தா அது என் தப்புத்தான்."

மாரி ஒரு வாய் குடித்தான். நாக்கு வெந்துவிட்டது. ஆறாத டீக்கு மன்னிப்புக் கேட்ட அம்மாளை அவன் மரியாதையோடு பார்த்தான்.

இந்து காகிதத்தை மேசைமேல் வைத்தாள். "இதை நீ எழுதினியாம்மா?"

"ஆமா மேடம். கம்பைலர் ஆளுகளுக்கு எழுதினது."

"கம்பைலர்னா?"

"நாங்க எழுதுற புரோகிராமை, பெட்டிக்குள்ள இருக்கிற சின்னச் சிப்புக்குப் புரியிற மாதிரி மாத்திக் கொடுக்கிற சாஃப்ட்வேர். இது ஓப்பன் சோர்ஸ். காசு கிடையாது. உலகம் பூரா ஆளுக சேந்து சும்மா செஞ்சு கொடுக்காக. கோளாறு இருந்தா அவுக சைட்டுல புகார் எழுதலாம். அதுக்கும் காசு கிடையாது."

"பதிலுக்கு?" என்றான் மாரி.

"அதுவும் சும்மாதான் வரணும்."

"அதான் வரலபோல," என்றான் மாரி.

சிவசங்கரிக்குச் சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது. ராக்கப்பன் கேட்ட செல்போன் கோட்டுக்காக அவள் கம்பைலரின் புதுப் பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது. மாறின நாளிலிருந்து வந்தது வினை. மற்ற பெட்டிகளுக்கு அவள் பழைய பதிப்பையே விட்டு வைத்திருந்தாள்.

"ஸ்டாக்குன்னு ஒண்ணு இருக்கு மேடம். அடுப்படி மேடை மாதிரி வச்சுக்கோங்க. சமைக்கையில சாமான் வைக்க இடம். முடிஞ்சதும் துடைச்சுரணும். இந்தச் சிப்புல அந்த மேடை ரொம்பச் சின்னது. பழைய கம்பைலர் ரெண்டு கிண்ணத்தை வச்சே வேலையை முடிச்சிரும். புதுசு, ஒரு ரசம் வைக்க வீட்டுல இருக்க அம்புட்டுப் பாத்திரத்தையும் எடுத்துப் பரப்புது. இடம் பத்தாம வழிஞ்சு பக்கத்துல விழுது. பக்கத்துலதான் சூடு எவ்வளவுங்கிற கணக்கு இருக்கு. அது அழிஞ்சதும் பெட்டி, குளிருதுபோலன்னு நெனச்சு ஹீட்டரைப் போட்டுருது."

"உன் தப்பு எங்க இருக்கு இதுல?"

"இதுல என் தப்பு எதுவும் இல்ல மேடம்."

"பிறகு ஏன் தவறு என்னுடையதுன்னு ஆரம்பிச்சிருக்க?"

சிவசங்கரி விழித்தாள். கேள்வியே அவளுக்குப் புரியாத மாதிரி இருந்தது. "புகார்னா அப்படித்தானே மேடம் எழுதணும்?"

அப்போது மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. சின்னத்தாய் பதறிப்போய் உள்ளேயிருந்து வந்தாள். "மன்னிச்சிருங்க, கரண்டு போயிருச்சு."

"கரண்டையும் நீங்கதான் நிறுத்தினீங்களாம்மா?" என்று கேட்டான் மாரி. "இந்த ஊட்ல எல்லாரும் அப்ரூவராத்தான் இருப்பீங்கபோல."

இந்து சட்டென்று சின்னத்தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். அதை மடித்துப் பையில் வைத்தாள்.

"புகார் என்ன ஆச்சு?"

அந்தக் கதையைச் சிவசங்கரி லேப்டாப்பில் காட்டினாள். பார்க்கப் பார்க்க மாரிக்கே கோபம் வந்தது. அவனுடைய கோபம் சாதாரணமாக சாப்பாடு தாமதமானால்தான் வரும்.

புகார் எழுதியதும் முதல் பதில், எந்தப் பதிப்பு என்று சொல்லவில்லையே என்றது. பதிப்பு இரண்டாம் வரியிலேயே இருந்தது. அவள் மறுபடி எழுதினாள். புரோகிராம் பெரிதாக இருக்கிறது, சிறிய உதாரணம் கொடு என்று அடுத்த பதில் வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டிச் சிறிதாக்கிக் கொடுத்தாள். இவ்வளவு சிறிய புரோகிராமை நிஜ வாழ்க்கையில் யார் எழுதுவார்கள் என்று மூன்றாமவர் வியந்தார். நாலாமவர் பெரிய சிப் வாங்கிக்கொள்ளச் சொல்லி, கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். கடைசியில் ஸ்னோஃபாக்ஸ் என்ற பெயருடைய ஒருவர் வந்தார். பனிமலையில் நிற்கும் வெள்ளை நரி அவருடைய படம். 'என் கணினியில் சரியாக வேலை செய்கிறது. பயனர் தவறு. நன்றி' என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்.

மறுபடி திறக்கக் கேட்டாள். நரி மூடியது. மறுபடி கேட்டாள். இந்த முறை மனிதர்கள் யாரும் சிரமப்படவில்லை. ஒரு ரோபாட் வந்து, உரையாடலில் சூடு தணிய வேண்டும் என்று பூட்டுப் போட்டுவிட்டது.

"சூடு தணியணுமாம்," என்றாள் சிவசங்கரி. குரல் உடைந்தது. "இங்க ஹீட்டர் எரிஞ்சு காய் கருகுது மேடம். கோளாறு இருக்குன்னு அவுக ஒரு வரி எழுதினாப் போதும், நான் மொதலாளிகிட்ட காட்டிருவேன். அந்த ஒரு வரிக்குத்தான் இம்புட்டு நாளா கெஞ்சிக்கிட்டு இருக்கேன். போலீஸ்ல பேரு ஏறிட்டா எவன் ஸ்டோருக்குள்ள விடுவான்? அம்மாவ மறுபடி கொழுந்து கிள்ள அனுப்பவா?"

இந்து லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்திருந்தாள். நரி போட்ட படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். 'என் கணினியில் சரியாக வேலை செய்கிறது' என்பதற்குச் சாட்சியாக அவர் தன் கணினித் திரையை செல்போனில் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். சிவசங்கரி அந்தத் திரையை நூறு தடவை பார்த்திருப்பாள். திரைக்கு வெளியே அவள் பார்க்கவே இல்லை.

"மாரி, ஸ்னோஃபாக்ஸ் எந்த நாட்டுக்காரர்னு நினைக்கிற?"

"பனி பெய்யுற நாடு. நார்வே, சுவீடன். நெருப்பு மூட்டி, கரடித்தோல் போத்திக்கிட்டு உக்காந்து புகாரை மூடுவாரு."

"அவர் நாட்டுல அன்னைக்கு மேல்நோக்கு நாள். எமகண்டம் காலையில."

மாரி லேப்டாப்பைப் பிடுங்காத குறையாகக் குனிந்தான். திரையின் ஓரத்தில், சுவரில், நாள்தோறும் கிழிக்கிற தமிழ் காலண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தேதிக்கு மேலே கொட்டை எழுத்தில் கடையின் பெயர்: கமலாத்தாள் உர டிப்போ, கொழிஞ்சாம்பாறை. கீழே போன் நம்பர்.

"பாலக்காட்டுக்குக் கிழக்கே, அக்கா," என்றான் மாரி மெதுவாக. "அங்க வெயில்ல காக்காகூட நிழலுக்கு நிழல் தாவித்தான் போகும். அங்க போயி பனி நரியா?"

* * *

உர டிப்போவில் கமலாத்தாளே போனை எடுத்தாள்.

"ஏனுங்க, யாரு பேசறது?"

"இடுக்கியிலேர்ந்து பேசறேங்க," என்றாள் இந்து. "உங்க ஊர்ல எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே கிடக்கிற பையன் ஒருத்தர்..."

"அப்படி ஊட்டுக்கு ஒண்ணு கெடக்குதுங்க. எந்தப் பையனைக் கேக்கறீங்க?"

இந்து ஒரு நொடி யோசித்தாள். "சம்பளம் வாங்காம வேலை பாக்கிற பையன்."

"அட, நம்ம அருள்குமாருங்களா? அப்புசாமியண்ணன் மவன். அண்ணன் டெய்லி கடையில வந்து பொலம்பறதே அதுக்குத்தானுங்க. வெள்ளைக்காரனுக்குச் சும்மா வேலை செய்யறான், தென்னைக்கு மோட்டார் போட மாட்டேங்கறான்னு. இருங்க, நம்பர் தர்றேன்."

"சொர்க்கத்துல போயி இந்தம்மாவுக்குத்தான் முதல் சீட்டு," என்றான் மாரி. "அஞ்சு பேர் பதில் சொல்லாத கேள்விக்கு உரக்கடையில பதில் இருக்கு."

அருள்குமார் வீடியோ காலில் வந்தான். இருபத்தைந்து வயது, பனியன், நெற்றியில் வியர்வை, பின்னால் அதே காலண்டர்.

"ஸ்னோஃபாக்ஸ்ங்களா?" என்று கேட்டாள் இந்து.

அருள்குமார் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தான். அந்தப் பெயரைத் தமிழ் பேசுகிற வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை போலும்.

"யாருங்க நீங்க? அப்பனுக்குத் தெரிஞ்சவங்களா?"

"நீங்க மூடின ஒரு புகார் விஷயமா பேசணும். வண்டிப்பெரியார் சிவசங்கரி."

"அந்தப் பேரு நல்லா ஞாபகம் இருக்குதுங்க," என்றான் அருள்குமார். முகத்தில் உண்மையான சந்தோஷம் வந்தது. "டெய்லி மூட்டை மூட்டையா புகார் வருதுங்க. அம்புட்டும் திட்டு. கம்பைலரை எழுதினவன் குடிச்சிருந்தானாம்பாங்க. எங்களுக்கு ஒத்தப் பைசா கெடையாதுங்க. அவங்க ஒருத்தருதுலதான் மரியாதையா, தப்பு என்னுதுன்னு ஆரம்பிச்சிருந்துச்சு. அடடா, இப்படி ஒரு மனுசங்களான்னு இருந்துச்சுங்க. ஒப்புக்கிட்டாங்களேன்னு உடனே மூடிட்டனுங்க. நன்றிகூடச் சொல்லியிருந்தனே."

மரியாதையாக இருந்ததால் மட்டுமே குப்பைக்குப் போன புகார் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சிவசங்கரி போனை வாங்கினாள். "நாலாவது பத்தி படிச்சீங்களா?"

"எதுங்க?"

"நாலாவது பத்தி. சின்ன சிப்புக்கு, சைஸ் குறைக்கிற ஆப்ஷன் போட்டு ஓட்டுனாத்தான் கோளாறு வரும்னு அதுல எழுதியிருக்கேன். நீங்க உங்க பெரிய கம்ப்யூட்டர்ல, அந்த ஆப்ஷன் இல்லாம ஓட்டிட்டு போட்டோ எடுத்துப் போட்டிருக்கீக."

"நான் முதல் வரியோட..." என்று ஆரம்பித்த அருள்குமார் நிறுத்திக்கொண்டான். நல்ல பையன். வெட்கப்படத் தெரிந்தது. "ஒரு நிமிசம் இருங்க. இப்பவே போட்டுப் பாக்கறேன்."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு அப்பா, மோட்டார் போட்டாயா என்று கேட்கிற சத்தமும் கேட்டது.

"ஏனுங்க," என்றான் அருள்குமார். குரல் மாறியிருந்தது. "பழசை விடப் பத்து மடங்கு இடம் எடுக்குதுங்க. ஒரு சின்ன வேலைக்குப் பத்து மடங்கு. இது எங்க தப்புங்க. சுத்தமா எங்க தப்பு. நீங்க எழுதினது அத்தனையும் சரிங்க."

சிவசங்கரி போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாள். சின்னத்தாய் ஓடிவந்து, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்தாள்.

* * *

ராக்கப்பனுடைய ஸ்டோர் வாசலில் ஏலக்காய்க் குவியலைச் சுற்றி ஈரவாடை எழுந்திருந்தது. கம்பம் மெக்கானிக் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி, சாப்பாட்டுக்கும் இருக்காமல் ஊருக்குப் பஸ் ஏறியிருந்தார். அவர் அறிவாளி.

இந்து எல்லாவற்றையும் சொன்னாள். செல்போனில் அருள்குமாரின் வரியையும் காட்டினாள். புகாரை மறுபடி திறந்து, 'கோளாறு உறுதி செய்யப்பட்டது, தவறு கம்பைலரில்தான்' என்று எழுதியிருந்தான். அதன்கீழ் அதற்குள் வேறொருவர் வந்து, எந்தப் பதிப்பு என்று குறிப்பிடவில்லையே என்று கேட்டிருந்தார்.

ராக்கப்பன் கையை வீசினார். "எவனோ தென்னந்தோப்புல உக்காந்து இவளுக்காக எழுதுவான். நான் நம்பணுமா? அவளே தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுத்திருக்காளே. அதுக்கு மேல என்ன சாட்சி?"

ஜீப்பில் கூடவே வந்திருந்த சிவசங்கரி வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் அழைக்கவில்லை.

இந்து விவாதிக்கவில்லை. ஸ்டோரில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சங்கையாவைக் கூப்பிட்டாள். பல வருஷம் தேயிலை எஸ்டேட்டில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்.

"அண்ணே, ஸ்டோர்ல ஏதாவது குறை இருந்தா மொதலாளிகிட்டச் சொல்லுங்க. சும்மா சொல்லுங்க."

சங்கையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "குறையெல்லாம் ஒண்ணுமில்ல தாயி." ராக்கப்பன் பக்கம் திரும்பினார். "தப்பு எங்க மேலதான் மொதலாளி. நாங்கதான் கவனிக்காம விட்டுட்டோம். பின்னாடித் தகரம் போன மழையிலேர்ந்து ஒழுகுது."

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார் ராக்கப்பன்.

"பாக்கறதென்ன, பராதி கொடுங்க," என்றாள் இந்து. "தகரத்தை ஓட்டை போட்டது இவர்தான். எல்லார் முன்னாடியும் ஒப்புக்கிட்டார். நாங்க சாட்சி."

"கையை மட்டும் வச்சா ஓட்டை விழாது," என்றான் மாரி. "கடப்பாரையைத் தேடச் சொல்லணும்."

ராக்கப்பன் எரிச்சலானார். "என்னம்மா வெளையாடுறீங்க? அது ஒரு பேச்சு. எஸ்டேட்டு ஆளுக எல்லாம் அப்படித்தான் ஆரம்பிப்பாக. ஆபீஸ்ல போயி குறைன்னு நின்னா, குறை சொல்ல வந்துட்டியான்னு வெரட்டுவான். தப்பு எங்களோடதுன்னு ஆரம்பிச்சாத்தான் மேனேஜர் காது கொடுத்துக் கேப்பான். எங்கப்பன் சித்திரபுரம் எஸ்டேட் லயத்து வீட்டுல இருக்கையில கூரைக்கும் அப்படித்தான், தண்ணிக்கும் அப்படித்தான், கையில தலைப்பாவ வச்சுக்கிட்டு..."

நிறுத்தினார்.

எதிரே சங்கையா தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். ராக்கப்பன் முதல் தடவையாக வாசலில் நின்ற பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். அவள் எந்த லயத்தில் பிறந்தவள் என்று அவருக்குத் தெரியும். அவள் ஐயா என்று ஆரம்பித்தது எந்த ஆபீஸ் வாசலில் கற்ற பாடம் என்றும் தெரியும். அதை மறந்துபோக ஒரு தோட்டமும் ஒரு ஸ்டோரும் போதுமாக இருந்திருக்கிறது.

"இப்ப பராதி எழுத வேண்டாம், அவ்வளவுதானே," என்றாள் இந்து.

ராக்கப்பன் தொண்டையைச் செருமினார். கழுத்தைத் தடவினார். "அது காலையிலேயே கொடுத்தாச்சும்மா."

"என்னது?"

"உங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாடியே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. உங்க ரிப்போர்ட்டு... பின்னாடி சேத்து வைக்கலாம்னுதான் கேட்டேன்."

சிவசங்கரியின் முகத்தில் ரத்தமே இல்லை. சங்கையாதான் அவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"ஆக, தீர்ப்பு எழுதிட்டுத் துப்பறிய ஆள் கூப்பிட்டிருக்கீங்க," என்றாள் இந்து. அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. கோபம் வந்தால் அவள் குரல் தணிந்துவிடும். "ஜீப்ல ஏறுங்க."

* * *

ஸ்டேஷனில் பின்சி என்ற பெண் போலீஸ் இருந்தார். கோட்டயத்துக்காரி. தமிழ் அவருக்கு வரும். வராத இடத்தில் மலையாளம் வரும்.

"அந்தப் பராதியா? நாளைக்கு ஆ பெண்குட்டியை விளிச்சு விசாரிக்கணும்னு வச்சிருக்கேன். திரும்ப எடுக்கணும்னா எழுதித் தரணும். எதுக்கு எடுக்கறீங்கன்னு காரணமும் எழுதணும்."

ராக்கப்பன் பேனாவைத் திறந்தார். இந்துவைப் பார்த்தார். "என்னன்னு எழுத?"

"உள்ளதை எழுதுங்க."

"கம்பைலர்னு எழுதினா இவங்களுக்குப் புரியுமா?"

"நீங்க விசாரிக்காமக் கொடுத்துட்டீங்கன்னு எழுதுங்க. அது எந்த பாஷையிலயும் புரியும்."

எழுதினார். பின்சி படித்துப் பார்த்து, ராக்கப்பனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, முத்திரை வைத்தார். சிவசங்கரியிடம் திரும்பி, "மோள் போய்க்கோ. உன் பேர்ல இங்க ஒண்ணும் இல்ல," என்றார்.

வெளியே வந்ததும் ராக்கப்பனுக்குப் பழைய சுறுசுறுப்பு திரும்பியது. வேலை முடிந்த மனிதரின் சுறுசுறுப்பு. வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"சரிம்மா, வா வா. வண்டியில ஏறு. காய் வாசல்ல கிடக்கு. இன்னைக்கு ராத்திரி ஏத்தலைன்னா பூஞ்சை பூத்துப் போயிரும். அந்தப் பழைய புரோகிராமைப் போட்டு விட்டுரு. கோடும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சிவசங்கரி ஏறவில்லை. ஸ்டேஷன் படிக்கட்டிலேயே நின்றாள்.

"வர்றேன் மொதலாளி. ஆனா நீங்க காலையில பதினோரு பேருக்குப் போன் பண்ணுனீக."

"அவங்கள அப்புறம் பாத்துக்கலாம்."

"இப்பப் பண்ணுங்க. பெட்டியில கோளாறு இல்ல, அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் நான் ஜீப்ல ஏறுவேன்."

"பதினோரு பேர்கிட்டயுமா? காய் கெட்டுப்போகும்மா."

"காலையில எவ்வளவு நேரம் ஆச்சோ அவ்வளவுதான் ஆகும்."

ராக்கப்பன் இந்துவைப் பார்த்தார். இந்து எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரியைப் பார்த்தார். மாரி ஜீப் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். ராக்கப்பன் செல்போனை எடுத்தார். முதல் நம்பரை அழுத்தி, காதில் வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் சிவசங்கரி.

போட்டார்.